நேராக மாட்டிய கேமரா

நடவு வயலில் மேய்ந்துகொண்டிருந்த நத்தைகுத்தி நாரைகள் மொத்தமாக எழுந்து பறந்தன.

அடுத்த வரப்பில் செல்லதுரை குப்புற விழுந்து கிடந்தார்.

கழுத்தில் ஒரே வெட்டு.

மண்வெட்டி கையை விட்டுப் போகவில்லை. காலையில் மடை திறக்க வந்தவர், திறந்துவிட்டுத்தான் செத்திருந்தார். தண்ணீர் சிவந்து பாய்ந்துகொண்டிருந்தது...

அந்த நிலம் துரைராசுவுடையது. திருவையாற்றுப் பக்கத்தில் ஏழு தலைமுறையாக நிலம் வைத்திருக்கும் குடும்பம். செல்லதுரை அவருடைய குத்தகைக்காரர்.

மதியத்துக்குள் ஒருவன் பிடிபட்டான்.

காரணம், ஒரு போட்டோ.

எடுத்தவன் துரைராசுவின் ஒரே மகன் மதிவாணன். சிங்கப்பூரிலிருந்து வந்தவன். வரும்போது நட்சத்திரம் பார்க்கும் டெலஸ்கோப் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அதில் கேமராவை மாட்டி, வீட்டு மொட்டை மாடியிலிருந்து பறவைகளைப் படம் பிடிப்பது அவன் பொழுதுபோக்கு.

இன்ஸ்பெக்டர் ஜெயபாரதி அந்தப் படத்தை உற்றுப் பார்த்தாள்.

ஒரு வரப்பு. சுற்றிலும் பச்சை. முதுகு காட்டி நிற்கும் செல்லதுரை. அவருக்குப் பின்னால் கைலி கட்டி, துண்டால் முகத்தை மூடிய ஒருவன். ஓங்கிய அரிவாள்.

அரிவாள் இடது கையில்.

"நாரைக்குத்தான் மேடம் வெச்சிருந்தேன். இது மாட்டிக்கிச்சு" என்றான் மதிவாணன்.

"கேமராவ எப்படி மாட்டியிருந்தீங்க?"

"நேரா டியூப்லயே. நடுவுல ஒண்ணும் கிடையாது."

ஊரில் இடது கைக்காரன் ஒருவன்தான். பக்கத்து வயல்காரன் சதீஷ். போன வாரம் மடைத் தண்ணீருக்காகச் செல்லதுரையோடு சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவன்.

"நான் வெட்டலைங்க... சண்டை போட்டா வெட்டிருவாங்களா?" என்று கதறிக்கொண்டே ஜீப்பில் ஏறினான்.

துரைராசு வாசலில் விறைப்பாக நின்றார். எழுபத்தாறு வயது. முதுகு இன்னும் வளையவில்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லிக்கிறேன். செல்லதுரை உசுரோட இருக்கற வரைக்கும் அந்த நிலத்துல வேற யாரும் எறங்க மாட்டாங்கன்னு கோயில்ல வெச்சு வாக்குக் குடுத்தவன் நான். அவனக் கொன்னவன் என் வீட்டு ஆளா இருந்தாக்கூட நானே கொண்டாந்து ஒப்படைப்பேன்."

"உங்க வீட்டப் பத்தி யாரும் பேசலையே ஐயா."

"பேசக்கூடாதுன்னுதான் சொல்றேன். எங்க வம்சத்துல பீச்சாங்கைப் பழக்கம் யாருக்கும் கிடையாது."

மறுநாள் பிரேதப் பரிசோதனை முடிந்தது.

ஜெயபாரதி டாக்டர் சொன்னதைக் கேட்டாள். படத்தை எடுத்துப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"ஹாஜா, ஜீப்ப எடுங்க."

ஏட்டு ஹாஜா மைதீன் பாதி டீயோடு எழுந்தார். "எங்க மேடம்?"

"நாரை பாக்க."

மொட்டை மாடி. வெள்ளை நிறக் குழாய், முக்காலியில் வயலை நோக்கி நின்றது.

"என்ன மேடம், சதீஷ் ஒத்துக்கிட்டானா?" என்றான் மதிவாணன்.

"இல்ல. எனக்கும் பறவை பாக்க ஆசை. நேத்து மாதிரியே மாட்டிக் காட்டுங்க."

"வெயில் ஏறிடுச்சு. வயல் ஆவி அடிக்கும். படம் தெளிவா வராது."

"காட்டுடா" என்றார் துரைராசு. "மறைக்க என்ன இருக்கு?"

மதிவாணன் கேமராவைக் குழாயின் பின்பக்கம் நேராக மாட்டினான். திருகினான். திரையில் பச்சைப் புகை. மறுபடி திருகினான்.

கேமரா மாட்டிய உள்குழாய் கடைசிவரை வெளியே வந்து நின்றுவிட்டது.

பச்சைப் புகை பச்சைப் புகையாகவே இருந்தது.

"வெயில்தான்..." என்றான்.

"வெயில் இல்ல" என்றாள் ஜெயபாரதி. "இத விக்கற கடைல பேசிட்டுத்தான் வந்தேன். நட்சத்திரம் பாக்கறவங்க கழுத்த ஒடிச்சுக்காம குனிஞ்சு பாக்கணும். அதுக்காகப் பின்னாடி ஒரு சாய்வுக் கண்ணாடி மாட்டுவாங்க. அதுக்கு எடம் விட்டுத்தான் குழாயையே செய்வாங்களாம். அது இல்லாம கேமராவ நேரா மாட்டினா குழாய் நீளம் பத்தாது. தனியா ஒரு நீட்டுக் குழாய் போடணும். உங்ககிட்ட இருக்கா?"

மதிவாணன் டெலஸ்கோப் பெட்டியைப் பார்த்தான்.

ஹாஜா பெட்டியைத் திறந்தார். நீட்டுக் குழாய் இல்லை. சாய்வுக் கண்ணாடி இருந்தது.

ஜெயபாரதி அதை நடுவில் வைத்துக் கேமராவை மாட்டினாள். திருகினாள்.

வரப்பு பளிச்சென்று வந்தது.

"இப்ப அந்த ரோட்டோரச் செவுத்துப் பக்கம் திருப்புங்க ஹாஜா."

ஹாஜா திருப்பினார். திரையைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"மேடம்... சிமெண்ட் வெளம்பரம் எழுத்தெல்லாம் கண்ணாடில பாக்கற மாதிரி இடம் வலமா இருக்கு."

"கண்ணாடி வழியாத்தானே பாக்கறீங்க. படத்தக் கம்ப்யூட்டர்ல யாரும் தொடலன்னு லேப்ல சொன்னாங்க. உண்மைதான். குழாய்க்குள்ளயே திரும்பிடுச்சே."

துரைராசுவின் முகம் இறுகியது. "புரியற மாதிரி சொல்லும்மா."

"படத்துல அரிவாள் செல்லதுரையோட இடது கழுத்துல எறங்குது. பொணத்துல வெட்டு வலது கழுத்துல. வெட்டினவன் வலது கைக்காரன் ஐயா. சதீஷ் இல்ல."

வயலில் எங்கோ டிராக்டர் இருமியது.

"சரி, மறந்துட்டேன்" என்றான் மதிவாணன் அவசரமாக. "கண்ணாடி போட்டுத்தான் எடுத்திருப்பேன். அதுக்காக என்னச் சந்தேகப்படுவீங்களா? படம் எடுத்தவன் படத்துக்குள்ள எப்படி மேடம் இருக்க முடியும்? நான் இங்க நின்னேன். கீழ பூஜை ரூம்ல அப்பா இருந்தாரு. கேமரா சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். கேளுங்க."

ஜெயபாரதி துரைராசுவைப் பார்த்தாள்.

"கேட்டுச்சா ஐயா?"

"கேட்டுச்சு."

மதிவாணன் மூச்சு விட்டான்.

"எப்படிக் கேட்டுச்சு?"

கிழவர் திரும்பினார். மகனைப் பார்த்தார். வயலைப் பார்த்தார். வழக்கம்போலத்தான் கேட்டது என்று சொன்னால் போதும். வீட்டு வாசலோடு போலீஸ் திரும்பிவிடும். ஏழு தலைமுறைப் பெயர் அப்படியே நிற்கும். சதீஷ் மட்டும் உள்ளே கிடப்பான்.

"அப்பா... சொல்லுங்கப்பா."

"இவன் பறவை எடுக்கறப்ப தினம் கேக்கறேன்" என்றார் துரைராசு. ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "குருவி தெரிஞ்சா பத்து தடவ பொரியற மாதிரி அடிக்கும். அப்பறம் அஞ்சு நிமிஷம் சத்தமே இருக்காது. நேத்து அப்படி இல்ல. செவுத்துக் கடியாரம் மாதிரி... ஒரே சீரா அடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

"அப்பா!"

"கேமராவே தானா எடுத்திருக்கு" என்றாள் ஜெயபாரதி. "கார்டுல பாத்தேன். ஆள் வர்றதுக்கு முன்னாடியே வெறும் வரப்ப வரிசையா எடுத்து வெச்சிருக்கு. ஒண்ணுலகூட நாரை இல்ல. செல்லதுரை தினம் மடை தெறக்க வந்து நிக்கற எடத்துக்குக் குறி வெச்சுட்டு, வீட்டுக்குப் பின்னாடி இருக்கற தென்னந்தோப்பு வழியா எறங்கிப் போயிருக்கீங்க. படத்துல இடது கை மாதிரி விழும்னு தெரிஞ்சே வலது கையால வெட்டியிருக்கீங்க. கழுத்தும் பக்கம் மாறும்னு மட்டும் தோணல."

மதிவாணன் சுவரில் சாய்ந்தான்.

"நிலத்த வாங்க ஆள் ரெடியா நின்னுச்சுப்பா. குத்தகைக்காரன வெளியேத்துங்கன்னு எத்தன தடவ கேட்டேன்? வாக்கு வாக்குன்னீங்க. அவன் உசுரோட இருக்கற வரைக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? உங்க வாக்க நான் மீறல. முடிச்சு வெச்சேன். அவ்வளவுதான்."

துரைராசு கை ஓங்கவில்லை. கத்தவில்லை.

"முடியலடா" என்றார்.

"என்ன?"

"நேத்து சாயங்காலம் செல்லதுரை வீட்டுக்குப் போயிருந்தேன். பொணத்த இன்னும் குடுக்கல. அவன் பொண்டாட்டி தர்மாம்பா வாசல்ல உக்காந்து, இனிமே நிலத்த எடுத்துக்குவீங்களாய்யான்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா. என் வாக்கு ஒனக்கும் ஒன் புள்ளைங்களுக்கும் சேத்துத்தான்னு அவ கையில சத்தியம் பண்ணிட்டு வந்துட்டேன்."

மதிவாணன் சுவரை விட்டு நிமிர்ந்தான்.

"ஒண்ணுக்கும் இல்லாம ஒரு மனுஷனக் கொன்னிருக்க. வா."

"எங்க?"

"நானே கொண்டாந்து ஒப்படைப்பேன்னு இந்த அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். அதுவும் வாக்குதான்."

மகனின் வலது மணிக்கட்டைப் பிடித்தார். படியிறங்கினார். பிடி தளரவில்லை. கடைசிப் படியில் மட்டும் ஒருமுறை கால் தடுமாறியது. ஜெயபாரதி தாங்கப் போனாள். வேண்டாம் என்று தலையசைத்தார்.

ஜீப் கதவை அவரே திறந்தார். மகனை ஏற்றினார். தோள் துண்டை எடுத்து முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"மூஞ்சியக் காட்டச் சொல்லாதீங்க சார், ஊரே நிக்குது" என்று முனகினான் மதிவாணன், கைகளால் முகத்தை மூடிக்கொண்டு.

டெலஸ்கோப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார் ஹாஜா மைதீன்.

"இங்க மூடிக்கங்க தம்பி, பரவால்ல. ஜெயில்ல உள்ள போறப்ப ஒரு போட்டோ எடுப்பாங்க. அங்க கேமராவ நேராத்தான் மாட்டியிருப்பாங்க."