பலூனுக்கு மேலே

காற்றைச் சூடாக்கும் பர்னரை அணைத்து வெகு நேரமாகியும் பலூன் ஏறிக்கொண்டே இருந்தது. அதை முதலில் உணர்ந்தவள் லோரெய்ன்தான். உயரம் என்றாலே உள்ளங்கால் கூசுகிறவளுக்கு ஒவ்வொரு அடி ஏற்றமும் உடம்பில் தெரிந்தது. கூடையின் பிரம்பு விளிம்பை இறுகப் பற்றியபடி, நாப்பா பள்ளத்தாக்கின் திராட்சை வரிசைகள் ஒவ்வொன்றாக மூடுபனிக்குள் அமிழ்ந்து மறைவதைப் பார்த்தாள். புளித்த திராட்சைச் சக்கையின் வாடை அவ்வளவு மேலேயும் வந்தது. பர்னரின் இரைச்சல் ஓய்ந்த அமைதியில், கீழே எங்கோ ஒரு வாளி உருளும் சத்தம் காதருகே கேட்பதுபோல் துல்லியமாகக் கேட்டது.

"இன்னும் மேலயா போறோம்?" என்றாள் பலூன் ஓட்டும் ரஸ்ஸிடம்.

"வெயில் வருதுல்ல மேடம், கொஞ்சம் இழுக்கும்." சொன்னானே தவிர, அவன் கண் உயரம் காட்டும் கருவியை விட்டு அகலவில்லை.

"ஆரம்பிச்சுட்டாய்யா," என்றான் அவள் கணவன் கிளைட், ரஸ்ஸிடம். "லிஃப்ட்லயே கண்ண மூடிக்கிட்டு நிக்கிறவ. இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்குப் பையன் ஆசையா டிக்கெட் வாங்கிக் குடுத்தான். அதையும் அழுது கெடுத்துடுவா."

"நான் அழல."

"அழுவ. எனக்குத் தெரியாதா?"

ரஸ் சிவப்புக் கயிற்றை இழுத்தான். பலூனின் உச்சியில் இருக்கும் மூடி திறந்து, சூடான காற்று வெளியேறி, அவர்கள் இறங்கியிருக்க வேண்டும். கயிறு விறைத்தது, மூடி அசையவில்லை. அவன் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றித் தன் முழு எடையோடும் தொங்கினான்.

லோரெய்ன் அண்ணாந்து பலூனின் வாய் வழியாக உள்ளே பார்த்தாள். உச்சியில், மூடியைச் சுற்றி, துணி உள்பக்கமாக அமுங்கியிருந்தது. நீள நீளமான பள்ளங்கள். ஏழு எண்ணினாள். எட்டாவது மெல்ல நகர்ந்து தன் இடத்தில் அமர்ந்தது.

"ரஸ், மேல ஏதோ இருக்கு."

"பறவையா இருக்கும்டி," என்று சிரித்தான் கிளைட். ரஸ் சிரிக்கவில்லை.

அப்போதுதான் அவள் கன்னத்தில் காற்று அடித்தது. கிளம்புவதற்கு முன் ரஸ் சொல்லியிருந்தான்: "நாம காத்தோடவே போறோம், அதனால மூஞ்சில காத்தே படாது." இப்போது பட்டது, ஈரமாக, சில்லென்று. மூடுபனி தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. அவர்கள் வடக்கே போய்க்கொண்டிருந்தார்கள்.

பிறகு யாரும் எதுவும் செய்யாமலே பலூன் இறங்கியது. மூடுபனிக்குள் புகுந்து, கூடையின் அடி திராட்சை இலைகளை உரசும் அளவுக்குத் தாழ்ந்து, அப்படியே நின்றது. வரிசைகளுக்கிடையே அறுவடை ஆட்கள், பத்துப் பன்னிரண்டு பேர், வளைந்த கத்திகளோடு நின்றிருந்தார்கள். யாரும் பழம் வெட்டவில்லை. எல்லா முகமும் அண்ணாந்திருந்தது.

"காலை வணக்கம்!" என்று கையசைத்தான் கிளைட்.

ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. அவர்கள் பார்வை அவன் தலையைத் தாண்டி, துணியையும் தாண்டி, அதற்கும் மேலே நின்றது. தலைத்துண்டு கட்டிய ஒரு பெண் மட்டும் கண்ணைத் தாழ்த்தி, லோரெய்னைப் பார்த்துக் கத்தினாள்.

"குதிங்க! அம்மா, குதிச்சிடுங்க! சீக்கிரம்!"

லோரெய்ன் ஒரு காலை விளிம்பில் ஏற்றினாள். கிளைட்டின் முழங்கை அவள் நெஞ்சில் இடித்தது. "தள்ளு." அவளைக் கூடைக்குள் மல்லாக்கத் தள்ளிவிட்டு அவன் குதித்தான். கொடிகள் முறியும் சத்தம். அவள் எழுவதற்குள் தரை இருபது அடி கீழே போயிருந்தது.

"கிளைட்!"

அவன் மண்ணிலிருந்து எழுந்து நின்றான். நிமிர்ந்தான். அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு மேலே பார்த்தான். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். மூடுபனி அவனை மூடியது.

ஏறினார்கள். வேகமாக. பர்னர் எரியாமல்.

ரஸ் கயிற்றை விட்டுவிட்டான். கூடையின் மூலையில் குந்தி, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "பாக்காதீங்க மேடம்," என்றான். "மேல பாக்காதீங்க."

அவள் மேலே பார்க்கவில்லை.

மூடுபனிக்கு வெளியே வந்தார்கள். கிழக்கு மலைக்கு மேல் சூரியன். முதுகில் வெயில். எதிரே, மேற்கில், பனி வெள்ளைச் சுவராக நின்றது. அதில் அவர்களுடைய நிழல்.

பலூன், உருண்டையாக. அதன் கீழே கூடை. கூடையில் ஒரே ஒரு தலை, அவளுடையது.

பலூனின் உச்சியில் விரல்கள்.

விரல்களுக்கு மேல் ஒரு கை. கைக்கு மேல் தோள். தோளுக்கு மேல், பனிச்சுவர் முடியுமிடம் வரை, கழுத்து. நீண்டு, வளைந்து, மெதுவாக, மிக மெதுவாக, அது தன் தலையைக் கூடையை நோக்கித் தாழ்த்தியது.