பொய்ச் சத்தம்

கேமரா புரோகிராமை தனுஷிகா அன்று திறக்கவே இல்லை. இருந்தும் கம்ப்யூட்டர் ‘டிங்’ என்றது. திரையின் மூலையில் சிவப்புப் பெட்டி வந்து நின்று, ‘ஒரு புரோகிராம் கேமராவைக் கேட்கிறது. அனுமதிக்கவா?’ என்றது.

விரல் தானாக ‘அனுமதி’யை அழுத்தியது.

ஒரு மாதமாக இதே கதைதான். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், தாய்மார் வேலைக்குப் போகும் நேரம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஒற்றை அறையில், நிர்வாகம் கேமரா பொருத்தியிருந்தது. ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் தனுஷிகாவின் கம்ப்யூட்டரில் அந்தப் படம் தெரியும். அவளுடைய கிஷாந்துக்கு மூன்று வயது, அங்கேதான் தூங்குவான். ஆனால் படத்தைத் திறக்கும்போதெல்லாம், வைரஸைத் தடுக்கப் போட்டிருந்த ‘வைரஸ் கார்ட்’ புரோகிராம் இப்படிக் கத்தும். ஹட்டன் கம்ப்யூட்டர் கடையிலிருந்து பார்க்க வந்த ரிஃகான் சிரித்தான்.

“திருடன்னு நெனச்சு வீட்டுக்காரனையே கொரைக்கிற நாய் மாதிரிதான் அக்கா இது. பொய்ச் சத்தம். கண்டுக்காதீங்க, அனுமதி குடுத்துட்டு வேலையப் பாருங்க.”

பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் வீரம்மாவுக்குத்தான் அந்த வழக்கம் பிடிக்கவில்லை. பனி இறங்கிவிட்டால் வாசலில் கேட்கிற குரலுக்கு, முகம் பார்க்காமல் ‘உள்ளே வாங்க’ என்று தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் யாரும் சொல்வதில்லை. சொல்லாதவரை எதுவும் உள்ளே வராதாம்.

“யாரு என்னன்னு பாக்காம ‘வா வா’ங்குறியே புள்ள,” என்றாள்.

“கம்ப்யூட்டருக்கு ஏதுக்கா பேயி? வந்தா அதுக்கும் பேர் பதிஞ்சு கைநாட்டு வாங்கிருவோம்,” என்று தனுஷிகா அப்போது கேலி செய்திருந்தாள்.

படம் திறந்தது. பாயில் வரிசையாகக் குழந்தைகள். கதவோரம் மஞ்சள் தொப்பியோடு கிஷாந்த். திறந்த கதவுக்கு வெளியே, சாயங்காலப் பனிக்குள், கேட்டருகே ஒருத்தி நின்றாள். தலையோடு சாக்கைப் போர்த்தியிருந்தாள். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த யாரோ என்று தனுஷிகா நினைத்தாள். ஆனால் மலையில் இன்னும் வேலை விட்டிருக்கவில்லை.

ஆபீஸில் அவளைத் தவிர யாருமில்லை. ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலையும், கீழே தெரிய வேண்டிய பிள்ளைக்காம்பராக் கூரையும் வெள்ளையாக அழிந்து போயிருந்தன. ஃபேக்டரியின் வாட்டிய கொழுந்து வாசம் ஈரத்தோடு உள்ளே வந்தது. தகரத்திலிருந்து பனி சொட்டுகிற ஓசை, நின்று நின்று, யாரோ யோசித்து யோசித்து நடப்பதுபோலக் கேட்டது.

டிங்.

அனுமதி.

சாக்கைப் போர்த்தியவள் இப்போது வாசற்படியில் நின்றாள். நிலைப்படியைத் தாண்டவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாக்கின் நிழல்.

தனுஷிகா போனை எடுத்தாள். “வீரம்மாக்கா, வாசல்ல யாரு?”

“ஒருத்தரும் இல்லியே. ஏன் புள்ள, இப்ப நீதானே வெளிய நின்னு என்னயக் கூப்புட்ட?”

“நான் ஆபீஸ்ல இருக்கேன்க்கா.”

தனுஷிகா திரைக்கு இன்னும் நெருங்கிக் குனிந்தாள்.

“கதவச் சாத்தித் தாழ்ப்பாள் போடுங்க. நான் வர்றேன். என்னயத் தவிர யாருக்கும் தெறக்காதீங்க!”

எழுந்தாள். படம் கறுத்துப் போனது. மறுபடியும் சிவப்புப் பெட்டி. பிள்ளையைப் பார்க்காமல் இந்த இடத்தை விட்டு நகர அவளால் முடியவில்லை. ரிஃகானுக்குப் போன் அடித்தாள்.

“அது பொய்ச் சத்தம்தான் அக்கா, அனுமதி குடுங்களேன்,” என்றான் அவன் சலிப்போடு.

அழுத்தினாள்.

“இல்ல, நில்லுங்க அக்கா.” அவன் குரல் மாறியது. “நேத்தே நான் அந்தக் கேமரா புரோகிராமைத் தடுக்க வேணாம்னு வைரஸ் கார்ட்ல போட்டுட்டேனே. இனி அதுக்குப் பெட்டியே வராதே. பெட்டியில என்ன பேர் இருக்கு?”

பெயர் இருக்க வேண்டிய வரி வெறுமையாக இருந்தது.

படம் திறந்தது. கதவு சாத்தியிருந்தது. வாசலில் நின்றவள் இப்போது உள்ளே நின்றாள். சாக்கு இல்லை. கேமராவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கிஷாந்தைத் தூக்கிக்கொண்டிருந்தாள். மெரூன் ஸ்வெட்டர். அதன் கையில் வெள்ளைப் பட்டை.

தனுஷிகா தன் கையைப் பார்த்தாள். மெரூன். வெள்ளைப் பட்டை.

ஓடினாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதை. ஈரக் கல். விழுந்தாள். எழுந்தாள். செருப்பு ஒன்று எங்கோ போனது. எதிரே எதுவும் தெரியவில்லை. கூரை. வாசற்படி. கதவு.

தாழ்ப்பாள் போட்டிருந்தது.

“வீரம்மாக்கா! நான்தான்! தெறங்க!”

உள்ளே குழந்தைகளின் சத்தம்கூட இல்லை.

“தெறங்கக்கா! தனுஷிகா வந்திருக்கேன்!”

வீரம்மாவின் குரல் கதவை ஒட்டி, நடுங்கி வந்தது. “தனுஷிகா உள்ளாற புள்ளய மடியில வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கு. மொகத்தப் பாத்துத்தான் ‘வா வா’ன்னேன். நீ யாரு?”

அவள் ஜன்னல் பலகையின் இடுக்கில் கண்ணை வைத்தாள். விளக்கடியில் மெரூன் முதுகு ஒன்று மெல்ல முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதன் தோளுக்கு மேலே மஞ்சள் தொப்பி. கிஷாந்த் விழித்திருந்தான். இடுக்கில் தெரிந்த அவள் கண்ணையே பார்த்தான். வாய் அழத் திறந்தது. வெள்ளைப் பட்டை போட்ட கை அதை மெதுவாகப் பொத்தியது.

பிறகு, அவளுடைய சொந்தக் குரல் உள்ளேயிருந்து, சலிப்போடு சொன்னது:

“கண்டுக்காதீங்கக்கா. பொய்ச் சத்தம்.”