இணைக்காத குழாய்

பாஸ்கல் சாயங்காலம் வீடு திரும்பியபோது, முற்றத்துக் குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கண்டதும் அவனுக்குச் சந்தோஷம்தான். குழாயைத் திருகி, இரண்டு கையிலும் தண்ணீரை ஏந்தி முகம் கழுவினான். ஊர்க்குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரின் வாடை இல்லை அதில். ஆழத்திலிருந்து அப்போதுதான் வாரிப் போட்ட ஈர மணலின் வாடை அடித்தது. முகத்தைத் துடைக்கப் போன கை பாதியில் நின்றது.

தெருவுக்குள் போட்ட குழாயை ஊர்க்குழாயோடு இன்னும் இணைக்கவே இல்லை. மதராசிலிருந்து வால்வு வரவேண்டும் என்று தெருமுனையில் இருபதடி தூரம் வெறும் பள்ளமாகக் கிடந்தது. குழாயின் வாயில் மரக்கட்டையை வைத்து அடித்து மூடியதும் அவன்தான். ஒப்பந்தக்காரர் சுந்தரராஜிடம் குழாய் பொருத்தும் பிட்டராக இருப்பவன் அவன்.

“மத்தியானமே வந்துட்டு,” என்றாள் அவன் மனைவி பிளாரன்ஸ். “தெரு பூராவும் வந்திருக்கு. உங்களுக்குத் தெரியாதா?”

கல்யாணமாகி வந்த ஒன்பது வருஷமும் இடுப்பில் குடத்தோடு நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு நடந்தவள் அவள். யுத்தம் முடிந்த மறுவருஷம் கடற்கரைத் தெருவுக்கும் குழாய் வரும் என்று சொன்னபோது நம்பாமல் சிரித்தவள். இன்று வீட்டிலிருந்த குடம், சட்டி, குழந்தையின் பால் செம்பு வரை எல்லாவற்றையும் நிறைத்து வைத்திருந்தாள். அதில்தான் சோறு வடித்திருந்தாள். மத்தியானத்திலிருந்து குழந்தை பேபி வேறு எதையும் கேட்கவில்லையாம், தண்ணீரையே குடிக்கிறாளாம்.

பாஸ்கல் குழாயை இறுக மூடினான். சொட்டுவது நின்றது. குழாய்க்குள் எங்கோ தூரத்தில், இரும்பை யாரோ விரல் முட்டியால் தட்டுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. சற்று விட்டு இன்னொன்று. உள்ளங்கை வழியாக அது முழங்கை வரைக்கும் ஏறியது.

அந்தத் தட்டல் அவனுக்குத் தெரிந்த தட்டல்.

பத்து நாளைக்கு முன், மற்றவர்கள் கஞ்சி குடிக்கப் போயிருந்த நேரம், தெருமுனைப் பள்ளத்தில் கூலியாள் சிவனாண்டி இறங்கிக் குழாய்க்கு அடியில் மண் அடைத்துக்கொண்டிருந்தான். அங்கே மேடு என்பதால் பள்ளம் ஆளுயரத்துக்கு மேல் இருந்தது. கடற்கரை மணல் ஒரு சத்தமும் போடாமல் சரிந்து அவனை மூடிற்று. பள்ளத்துக்கு மேலே நின்றவர்கள் பாஸ்கலும் சுந்தரராஜும் மட்டும்தான். தோண்டினால் பக்கத்து வீட்டுச் சுவர் விழுந்துவிடும், அதற்கப்புறம் வேலையே நின்றுவிடும் என்றார் சுந்தரராஜ். “அவன் போய்ச் சேர்ந்துட்டான்ல. இனி தோண்டி என்ன செய்ய?”

அவர் போன பிறகு பாஸ்கல் குழாயின் மேல் கையை வைத்தான். கீழேயிருந்து தட்டல் வந்தது. ஒரு மணி நேரம் வந்தது. அவன் யாரையும் கூப்பிடவில்லை. சிவனாண்டியின் பெண்டாட்டி சந்தனமாரி வந்து கேட்டபோது, கொழும்புக்குக் கப்பல் ஏறிவிட்டதாகச் சொன்னவனும் அவன்தான்.

கோயிலில் திரிகால ஜெப மணி அடித்தது. பிளாரன்ஸ் சிலுவை போட்டுக்கொள்ளவில்லை. செம்பை வாயில் கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருந்தாள். தொண்டை ஏறி இறங்கியது. செம்பு காலியான பிறகும் ஏறி இறங்கியது.

“ஏளா, போதும். வை அதை.”

“தாகம் அடங்கலங்க,” என்றாள். குரலில் மணல் நெறிபட்டது.

குழந்தை குழாயடியில் குந்தியிருந்தாள். அவன் இறுக மூடிய குழாய் ஒழுகியது. பேபி அதன் வாயைத் தன் வாயால் கவ்வியிருந்தாள். தூக்கினான். ஈரச் சாக்கு மூட்டைபோல் கனத்தாள். அவன் கையை உதறிவிட்டு மறுபடி குழாயடிக்கே போனாள்.

அவன் தெருவுக்கு ஓடினான். திறந்திருந்த வாசல் ஒவ்வொன்றிலும் குழாய் ஓடியது, ஒவ்வொரு குழாயடியிலும் யாராவது குனிந்திருந்தார்கள். அடுப்புப் புகை இல்லை, பேச்சு இல்லை. விழுங்கும் சத்தம் மட்டும்.

தெருமுனையில் குழாயின் வாய் அவன் அடைத்தபடியே இருந்தது. கட்டை காய்ந்திருந்தது. குழாயில் காதை வைத்தான். தட்டல் வேகமாக வந்தது.

சிவனாண்டியை எடுத்துவிடலாம். வெளியே எடுத்து, குருவானவரைக் கூட்டிவந்து, சந்தனமாரி காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் குதித்தான். முழங்கால் ஆழம் தோண்டினான். இடுப்பு ஆழம். மண்வெட்டியை எறிந்துவிட்டுக் கையால் பறித்தான். நகம் கிழிந்தது.

விரல்கள் வெறுமைக்குள் நுழைந்தன.

அங்கே ஒரு பொந்து இருந்தது. ஒருவன் முழங்காலை மடக்கி உட்காரும் அளவுக்கு. சுவர் வழவழவென்று, கையால் தேய்த்ததுபோல். உள்ளே சிவனாண்டி இல்லை.

தட்டல் நின்றது.

மணல் சரிந்தது. முதலில் கால். பிறகு இடுப்பு. நெஞ்சு வரை இறுகிப் பிடித்தது. மூச்சு பாதிதான் வந்தது.

“ஆள் இருக்கு. ஆள் இருக்கு இங்கன.”

வந்தார்கள். ஒவ்வொருவராக. மங்கிய வெளிச்சத்தில் பள்ளத்தைச் சுற்றி நின்றார்கள். தெரு முழுவதும். எல்லார் வாயோரமும் தண்ணீர் வழிந்தது. யாரும் கை நீட்டவில்லை.

பிளாரன்ஸ் இடுப்பிலிருந்து பேபியை இறக்கிவிட்டாள்.

“பேபி, அப்பா இங்கன இருக்கேன். அம்மாவைக் கையைக் குடுக்கச் சொல்லு.”

குழந்தை விளிம்பில் மண்டியிட்டாள். அவன் முகத்தையே பார்த்தபடி, இரண்டு கையாலும் மணலை அள்ளி அவன் மேல் போட்டாள்.