நான்ட்வென் மணி

வேல்ஸ் மலைக்குள் கிடக்கும் நான்ட்வென் ரயில் நிலையத்துக்கு மெரெரிட் போனது சண்டை போட.

நாளைக்கு அந்தச் சுவரில் கல்வெட்டு பதிக்கப் போகிறார்கள்: 'மணிக்காரன் எலிஸின் கவனக்குறைவால் இறந்த ஒன்பது பேர் நினைவாக.' எலிஸ் அவள் அப்பாவின் தாத்தா.

அங்கே ஒற்றைத் தண்டவாளம். அடுத்த நிலையத்திலிருந்து மணி ஒரு தரம் அடித்தால், 'பாதை காலியா?' பதிலுக்கு ஒரு தரம் அடித்தால், 'காலி, அனுப்பு.' இரண்டு தரம் என்றால் வண்டி கிளம்பிவிட்டது. 1912-இல் இங்கிருந்து ஒரு வண்டி போன பிறகும் யாரோ பதில் அடித்தார்கள். மலையைப் பிளந்து தண்டவாளம் போட்ட மலைவெட்டுக்குள் இரண்டு வண்டிகளும் மோதின. நான் அடிக்கவில்லை என்று சிறையில் சாகும்வரை எலிஸ் சொன்னான். கூலிக்காரன் பேச்சை யார் கேட்டார்கள்?

அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் கேட்டாள்.

நிலையம் இப்போது ஆடு வளர்க்கும் ஹுவெல் என்பவரின் வைக்கோல் கொட்டில். "ஆடுங்களா, எந்திரிச்சு நில்லுங்க. படிச்ச பொண்ணு வந்திருக்கு" என்று சிரித்தபடி கதவைத் திறந்துவிட்டவர், வாசலிலேயே நின்றுகொண்டார்.

"நீங்க வரலையா?"

"அந்த ரூமுக்குள்ள நாங்க போறதில்லம்மா."

மணி நிலைய அதிகாரியின் அறையில் இருந்தது. சாவி அதிகாரியிடம் மட்டும்தான் என்று விசாரணைக் காகிதமே சொல்கிறது. மணி வெளியே கூடத்தில் இருந்ததாக அதே காகிதம் புளுகியிருந்தது. இங்கே அது சுவரோடு சுவராகத் துருவேறிக் கிடந்தது. எலிஸின் கை இதை எட்டியிருக்கவே முடியாது.

படம் எடுத்துக்கொண்டு அப்பாவை அழைத்தாள்.

"கெடச்சிருச்சுப்பா!"

"சபாஷ்டீ! மலைவெட்டு வழியாத்தான் வந்துட்டிருக்கேன். அஞ்சு நிமிஷம்."

தண்டவாளத்தைப் பிடுங்கி அறுபது வருஷம். அந்தத் தடத்தில் இப்போது கார்தான் போகும்.

ஈரக் கரிப்புகை வாடை எங்கிருந்தோ வந்தது.

டிங்.

ஒரே ஒரு தரம்.

எலிஸின் வீட்டில் யார் ஒரு தரம் தட்டினாலும், கதவோ சாப்பாட்டு மேசையோ, பதிலுக்கு ஒரு தரம் தட்டியாக வேண்டும். தலைமுறைப் பழக்கம். அவள் யோசிக்கும் முன்பே கை மணியின் விசையை அழுத்திவிட்டது.

ஹுவெலின் சிரிப்பு நின்றது.

"அடிப்பாவி, பதில் குடுத்தியா? நாங்க ஒருத்தரும் குடுத்ததே இல்லையேடி!"

டிங். டிங்.

"அப்பா, திரும்பிப் போங்க! அப்பா!"

"இரு கண்ணு, எதிர்ல எவனோ பெரிய விளக்கப் போட்டுட்டு வர்றான். ஒதுங்க எடமில்ல. டேய், நிறுத்துடா..."

விசில்.

பிறகு ஒன்றுமில்லை.

அப்பா செத்தது பாறை சரிந்து என்று எழுதினார்கள். நசுங்கிய கார் முழுக்கக் கரி அப்பியிருந்ததை எவனும் எழுதவில்லை. எலிஸ் 'அடிக்கவில்லை' என்றபோது நம்பாத ஊர், மெரெரிட் 'நான்தான் அடித்தேன்' என்றபோதும் நம்பவில்லை. அவள் எடுத்த படத்தைப் பார்த்துக் கல்வெட்டில் எலிஸின் பெயரை மட்டும் நீக்கினார்கள்.

ஒரு மாதம் கழித்து, மாலை நாலரை மணி. சமையலறை மேசையில் யாரோ ஒரு தரம் தட்டிய சத்தம்.

மெரெரிட் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் அமுக்கி உட்கார்ந்துகொண்டாள்.

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையிலிருந்த கரண்டியால் தொட்டியின் விளிம்பில் ஒரு தரம் தட்டினாள்.

"அம்மா!"

"என்னடி? நீதானே தட்டுன?"

டொக். டொக்.