ஆயிரத்து எண்ணூற்று நாற்பதாவது மீட்டர்

1984 சித்திரை. ரஞ்சன்குடிக் கோட்டைச் சுவரில் காக்கை உட்கார்ந்தால் கால் பொரிந்துவிடும், அப்படியொரு வெயில். பெரம்பலூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய டெலிபோன் இன்ஸ்பெக்டர் குழந்தைவேல், பழுது காட்டும் பெட்டியைச் சுமந்துகொண்டு சாலையோரக் கேபிள் அறைக்குள் நுழைந்தார்.

திருச்சிக்கும் சென்னைக்கும் இடையே மண்ணுக்கடியில் பேச்சைச் சுமக்கும் கேபிள் காலையிலிருந்து ஊமை. பெட்டி அதற்குள் ஒரு துடிப்பை அனுப்பும். பழுதில் முட்டித் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும். திரையின் பச்சைக் கோடு 1840 மீட்டரில் பள்ளமாக இறங்கியது.

"வாய்க்கால் கரைதான், ராசாங்கம். போய்த் தோண்டு," என்றார் வாசலில் மண்வெட்டியோடு நின்ற கூலியாளிடம்.

"போன வருசம் அரங்கநாதண்ணன மண்ணு மூடுச்சே, அங்கயா சார்? நல்லா அளந்தீங்களா?"

"போப்பா."

போன வருடத்திலிருந்து குழந்தைவேலுக்கு உப்பு உறைப்பு தெரிவதில்லை. ஒரு படி மிளகாயைத் தின்னக் கொடுத்தாலும் மோர் கேட்க மாட்டார்.

ஒவ்வொரு ரகக் கேபிளிலும் துடிப்பு ஒவ்வொரு வேகத்தில் ஓடும். அந்த வேகத்தைப் பெட்டியின் திருகில் வைத்த பிறகே அளக்க வேண்டும். போன வருடம் அந்தப் பக்கம் கேபிளைப் புது ரகமாக மாற்றியிருந்தார்கள். இவர் பழைய வேகத்திலேயே அளந்துவிட்டார். அரங்கநாதன் பழுதிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி, இளகிய மண்ணில் இறங்கினான்; உயிரோடு மேலே வரவில்லை. 'மண் சரியில்லை' என்று அறிக்கை எழுதினார்.

ராசாங்கம் போய் ஒரு மணி நேரம் கழித்துத் தற்செயலாகத் திருகைப் பார்த்தார்.

இன்றும் பழைய வேகம்.

தோண்டும் இடம்வரை இழுத்திருந்த பேச்சுக்கம்பியில் மணி அடித்தார்.

"ராசாங்கம், மேல ஏறு!"

"ஏறிட்டேன் சார். நல்லவேள, ஆள் அனுப்புனீங்க. கையப் புடிச்சு வெளிய இழுத்துப் போட்டாரு. மறு நிமிசம் கரையே உள்ள சரிஞ்சுபோச்சு."

"எந்த ஆளு?"

"தல முழுக்க மண்ணு சார். வாயே தொறக்கல. கேபிள் போற வழியப் புடிச்சு அங்கதான் வராரு."

குழந்தைவேல் திரையைப் பார்த்தார்.

பள்ளம் 1700க்கு வந்திருந்தது.

1500. ஆள் நடக்கும் வேகம்.

900.

ஓடலாம். சாலையில் பஸ் ஒன்று நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு, போனது. அவர் முக்காலியிலேயே இருந்தார்.

40.

மூன்று மாதமாக மழையில்லாத ஊரில், அறைக்குள் ஈரமண் வாடை ஏறியது.

6.

வாசற்படியில் யாரோ காலிலிருந்து மண்ணைத் தட்டினார்கள்.

0.

"சார்." தொண்டையில் மண் அடைத்த குரல். "பழுது நெசமா எங்க இருந்துச்சு?"

"இருநூறு மீட்டர் தள்ளி," என்றார் குழந்தைவேல். ஒரு வருடத்தில் அவர் சொன்ன முதல் உண்மை.

பிறகு, அவர் காதுக்குப் பக்கத்தில்:

"அப்ப நான் தோண்டுன எடத்துல என்னங்க சார் இருந்துச்சு?"