மறைஞ்சிட்டுன்னு சொல்லு

விளக்கு மின்னல்போல் ஒரு வெட்டு வெட்டி அணைந்த பிறகும் மாரியம்மாளின் கண்ணில் பிம்பமாய்ப் பதிந்து நின்ற அவள் கை, சுண்டுவிரலை அசைத்தது.

அவளுடைய நிஜக் கையோ மடியில் இருந்தது.

"மறைஞ்சிட்டா?" எதிரே இருட்டிலிருந்து அண்ணன் பரமசிவன் கேட்டான்.

"இல்லண்ணே. வெரல ஆட்டுது."

"கூறுகெட்டவளே, கைய எடுத்தா கண்ணுல நிக்கிற கை உதிர்ந்துரும். அதான் கணக்கு. மறைஞ்சிட்டுன்னு சொல்லு."

பசுவந்தனை சாலையில் இருந்த பருத்திக் குடோனின் ஓட்டுச் சந்துகளையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்து, கரிசல் வெடித்துக் கிடக்கும் கோடை நண்பகலையே அவன் இருட்டாக்கியிருந்தான். உள்ளே பருத்திக்கொட்டை நெடியும், சூடான விளக்கின் கருகல் வாசமும், இருவரின் வியர்வையும் வெளியேற வழியின்றித் தேங்கி நின்றன. இருவருக்கும் நடுவே தீக்குச்சி அடுக்கும் சட்டம். அவன் படிப்புக்காக அவளை எட்டாம் வகுப்போடு நிறுத்தித் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பினார்கள். பாராமலே அடுக்கும் விரல்கள் என்பதால்தான் ஆராய்ச்சிக்கு அவற்றைத் தேர்ந்தெடுத்தான். ஒளியியலில் டாக்டர் பட்டம் வாங்கி, கண்ணும் மூளையும் பற்றிய ஆராய்ச்சிக்கு ஜெர்மனியில் ஓரிடம், பிறகு வேறோரிடம், எதுவும் நிரந்தரமில்லை. இந்தக் கட்டுரை அச்சேறினால்தான் அடுத்த இடம். கை மறைந்தது என்று கட்டுரையை ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டான்.

வேலை நிரந்தரமானதும் அவளைப் படிக்க வைப்பதாகச் சொல்லியிருந்தான். ஒவ்வொரு முறை விமானமேறும்போதும் சொன்னான்.

"போதும்ணே. வெயில்லயும் வெள்ளையா மறைக்கு. கண்ணு போயிரும் போலுக்கு."

"இன்னும் ஒரு தடவ. ஒனக்கென்ன, சும்மா உக்காந்திருக்கதுதான?"

சும்மா.

அந்தச் சொல் அவள் நெஞ்சில் மருந்துக்குச்சி போல் உரசியது. சட்டத்தின் மேல் கைகளை வைத்தாள்.

வெட்டு.

உடனே கைகளை இழுத்துத் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

இருட்டில் அவள் கண்ணுக்குள் அண்ணன் நாற்காலியோடு வெளிறி நின்றான். சட்டம் நின்றது. அவளுடைய இரண்டு கைகளும் நின்றன.

உதிரவில்லை.

குச்சிகளை ஓரமாக வைத்தன. எழுந்தன. எதிர்ப்பக்கம் நீண்டன.

பல்லைக் கடித்தாள். கோபம் இறங்கவில்லை.

"ஏட்டி, என்ன செய்யுத? கைய எடு."

அவள் இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள். விரல்கள் மரத்தன.

"மாரி... கழுத்து... கைய..."

நாற்காலி சாய்ந்தது. குதிகால்கள் தரையைத் தேய்த்தன. பிறகு அதுவும் இல்லை.

"அண்ணே?"

கைகள் திரும்பி வந்தன. சட்டத்தில் குச்சி விழும் சத்தம். ஒன்று. இன்னொன்று. பழகிய வேகம்.

கண்ணை இறுக மூடினாள். அப்போதும் அந்தக் கைகள் தெரிந்தன.

"மறைஞ்சிட்டு, அண்ணே," என்றாள். "மறைஞ்சிட்டு."

கைகள் அடுக்கிக்கொண்டே இருந்தன.