குறையெல்லாம் சொன்ன வேங்கை

செவ்வாயின் செங்குழி நகரில் பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் மெக்கானிக்கைக் கூட அழைத்துப்போவதில்லை. வண்டியே தன் வாயால் தன் குறைகளைச் சொல்லிவிடும். விற்பனைக்கு வரும் ஒவ்வொரு வண்டியின் மூளையிலும் மெய்ச்சில்லு ஒன்றைப் பொருத்தவேண்டும் என்பது சட்டம். பொருத்தியபின் அதற்குப் பொய் வராது. உரிமையாளர்களுக்கும் அப்படி ஒரு சில்லு பொருத்தலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். சட்டமன்றத்துக்கு அன்று யாருமே வரவில்லை.

தணிகைவேலுக்கு அந்தச் சில்லால்தான் தலைவலி. அவருடைய ஆறுசக்கர வேங்கை வயதான வண்டி. புழுதிப்புயலில் வழிதவறி, மூச்சுக்காற்று தீர்ந்துகொண்டிருந்தபோது அவரைச் சுமந்துவந்து வீடு சேர்த்தது அதுதான். இப்போது அதை ரிப்பேர் பண்ணக் கேட்கும் தொகைக்குப் புது வண்டியே வாங்கலாம். உதிரிபாகம் பூமியிலிருந்து வந்துசேர ஒன்பது மாதம். வந்தது வேறு மாடலுக்கானது என்று தெரிய ஒரு நிமிடம். வேறு வழியின்றிப் புது வண்டிக்குச் சொல்லிவிட்டார். ஆனால் கண்ணாடிக் குமிழுக்குள் அடங்கிய அந்த நகரில் வீட்டுக்கு ஒரு வண்டிதான். இன்று மாலைக்குள் வேங்கை விலைபோகாவிட்டால் உருக்காலைக்குப் போய்விடும். கைமாறிவிட்டால் சட்டப்படி ஐந்து வருடத்துக்கு உருக்காலை அதைத் தொடமுடியாது.

பார்க்க வந்தவர்களோ வேங்கை வாயைத் திறந்ததும் ஓடிவிட்டார்கள்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லேன்டா ராசா," என்று கெஞ்சினார் தணிகைவேல்.

"'வேற என்ன?'ன்னு கேக்குறாங்களேண்ணே. நான் என்ன பண்ணட்டும்?"

கடைசியாக வந்தவர் நாச்சிமுத்து. கோயமுத்தூரிலிருந்து குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வந்ததும் சக்கரத்தை ஓர் உதை விட்டார். அந்த உதையில் என்ன தெரியும் என்று எவருக்கும் தெரியாது. ஆனாலும் இரண்டு கிரகங்களிலும் உதைக்கிறார்கள்.

"சொல்லு கண்ணு, உடம்பு எப்படி இருக்குது?"

வேங்கை தொண்டையைச் செருமிக்கொண்டது. "கியர்பாக்ஸ் வழுக்குதுங்க. அடுத்த மேட்டுல நின்னுடுவேன். சஸ்பென்ஷன் தேஞ்சுபோச்சு. பள்ளத்துல விழுந்தா உங்க முதுகுக்கும் சேத்து வைத்தியம் பாக்கணும். கூலன்ட் பம்ப் ஒழுகுது. கதவு ரப்பர் வெடிச்சுக் காத்து கசியுது. சென்சார் கெட்டு, இல்லாத பாறைக்கெல்லாம் பிரேக் போடுவேன். என்னைச் சரிபண்ற செலவு என் விலையில ரெண்டு மடங்குங்க."

தணிகைவேல் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது நாச்சிமுத்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இத்தனையும் நீங்க சொல்லிக்குடுத்ததுதானுங்களே? விக்க மனசில்ல உங்களுக்கு!"

"ஐயோ, மெய்ச்சில்லு இருக்கு சார்..."

"ஊர்ல மீட்டரையே திருப்பி வெக்கறானுங்க. ஒரு சில்லைத் திருப்ப எவ்வளவு நேரமாகுமுங்க? நான் எத்தனையோ பழைய வண்டி வாங்குனவனுங்க. 'ஒரே ஓனர், டாக்டர் ஓட்டுனது, ஒரு கீறல் கெடையாது'ம்பாங்க. அத்தனையும் பாதி வழியில உக்காந்துருச்சு. இது தன்னைத்தானே இந்தத் திட்டு திட்டுதுன்னா, உள்ள தங்கமா இருக்குமுங்க!"

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வேங்கை பிழைத்துவிடும். ஆனால் மனசாட்சி என்ற பழைய உதிரிபாகம் தணிகைவேலிடம் இன்னும் வேலைசெய்தது.

"சார், சத்தியமா அது சொன்னது அத்தனையும் நிஜம். மேட்டுப்பக்கம் மட்டும் போயிடாதீங்க."

"பாத்தீங்களா, பிரிய முடியல!" என்று நாச்சிமுத்து விலையைத் தானே ஏற்றிச் சொல்லி, கைரேகையையும் பதித்துவிட்டார்.

தணிகைவேல் வேங்கையின் முகப்பைத் தடவினார். "பத்திரமா இருடா."

"முடியாதுண்ணே," என்றது வேங்கை. அதற்குத்தான் பொய் வராதே.

சற்று நேரத்தில் அழைப்பு வந்தது. திரையில் வியர்த்து வழிந்தபடி நாச்சிமுத்து. அவருக்குப் பின்னால் மேடு. மேட்டின் நடுவில், முகப்பு விளக்குகள் எரிய, உயிரோடு வேங்கை. இனி ஐந்து வருடம் அதற்குக் கவலையில்லை.

"கியர்பாக்ஸ் போயிருச்சுங்க! பம்ப் ஒழுகுது! இல்லாத பாறைக்கு பிரேக் போடுது!"

"அது முதல்லயே சொல்லுச்சே சார். நானும் சொன்னேனே."

"சொன்னீங்க! ரெண்டு பேரும் சேந்து நெஜத்தையே சொல்லி ஏமாத்திப்போட்டீங்களேங்க! பொய்யச் சொல்லியிருந்தா, நான் சூதானமா இருந்திருக்க மாட்டனுங்களா?"